அரை மூடிய ரீபிரீதரைக் கையால் இயக்கும் மூடிய சுற்றாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டிரேகர் டால்ஃபின் (டிரேகர் நிறுவனம் தயாரித்த ஓர் அரை மூடிய ரீபிரீதர்) வைத்திருப்பவர்களும் சரி, ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களும் சரி, என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி, எதை யாருக்குச் சொன்னேன் என்பதே குழம்பிவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுகிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்; என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று புரிந்துகொள்ளத்தான் இது.

ரீபிரீதர்னா என்ன? சாதாரண ஸ்கூபாவுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண ஸ்கூபாவில் உள்ளே இழுக்கும் காற்று அப்படியே குமிழியாக வெளியே போய்விடும். அதில் உடம்பு எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் மிகக் கொஞ்சம், மீதி முழுக்க வீண். ஆழம் போகப் போக வீணாவதும் கூடும். ரீபிரீதரில் விட்ட மூச்சு ஒரு பைக்குள் போய், சோடாலைம் நிரப்பிய ஸ்க்ரப்பர் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு கழிந்து, மறுபடி நம் வாய்க்கே வருகிறது. இந்தச் சுற்றைத்தான் லூப் என்கிறோம். உடம்பு செலவழித்த ஆக்சிஜனை மட்டும் திரும்ப ஊற்றினால் போதும்.

அந்தச் செலவு ஆழத்தைப் பொறுத்தது இல்லை, உழைப்பைப் பொறுத்தது. சும்மா மிதந்துகொண்டிருந்தால் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவு, நிதானமாக நீந்தினால் சுமார் 1 லிட்டர், நீரோட்டத்தை எதிர்த்து மூச்சு வாங்க நீந்தினால் 2.5 லிட்டர் வரைக்கும் போகும். இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லாப் பதிலும் இதிலிருந்துதான் வருகிறது.

அரை மூடியது, முழுக்க மூடியதுன்னு சொல்றாங்களே, எதை மூடுறாங்க?

அரை மூடிய இயந்திரத்தில் நைட்ராக்ஸ் (காற்றைவிட ஆக்சிஜன் கூடுதலான கலவை), ஜெட் எனப்படும் சிறு துளை வழியாக இடைவிடாமல் லூப்புக்குள் வந்துகொண்டே இருக்கும். உடம்பு எடுத்தது போக மிஞ்சுவது வால்வு வழியாக வெளியேறும், அதனால் குமிழி உண்டு, ஆனால் குறைவு. டால்ஃபினில் கலவைக்கு ஏற்ற ஜெட் போட வேண்டும்: 60 சதவீத ஆக்சிஜன் உள்ள கலவைக்கு நிமிடத்துக்கு 5.8 லிட்டர், 50 சதவீதத்துக்கு 7.3, 40 சதவீதத்துக்கு 10.4, 32 சதவீதத்துக்கு 15.6.

முழுக்க மூடியதில் சுத்த ஆக்சிஜன் ஒரு சிலிண்டரில், டைலூயன்ட் எனப்படும் நீர்த்துப்போகச் செய்யும் வாயு (பெரும்பாலும் சாதாரணக் காற்று) இன்னொன்றில். செலவான ஆக்சிஜன் மட்டும் உள்ளே போகும். ஆழத்தில் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை குமிழியே வராது.

கையால் இயக்குறதுன்னா பட்டனை அமுக்கிட்டே இருக்கணுமா?

இல்லை. கனடாவைச் சேர்ந்த கார்டன் ஸ்மித் தன் கிஸ் ரீபிரீதரில் பிரபலமாக்கிய முறை இது: மிக நுண்ணிய துளை வழியாக ஆக்சிஜன் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும், ஆனால் நிதானமாக நீந்தும்போது நமக்கு ஆகும் செலவைவிடக் கொஞ்சம் குறைவாக, நிமிடத்துக்கு 0.6 அல்லது 0.7 லிட்டர் போல. குறைகிற மிச்சத்தை மட்டும் நாம் பட்டனை அமுக்கிச் சேர்க்கிறோம். நிதானமான டைவில் சில நிமிடங்களுக்கு ஒரு சின்ன அமுக்கு.

கசிவு செலவைவிடக் குறைவாக இருப்பதில்தான் சூட்சுமம். கூடுதலாக இருந்தால் நாம் ஒன்றும் செய்யாமலே ஆக்சிஜன் ஏறிக்கொண்டு போகும், அதை நிறுத்த முடியாது. குறைவாக இருந்தால் மெதுவாக இறங்கும், கவனிக்க நேரம் கிடைக்கும். லூப்பின் கொள்ளளவு 6 லிட்டர், ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 1.2 பார் என்று வைத்துக்கொள்வோம்; 1 பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம். ஆக்சிஜன் வரத்து முற்றிலும் நின்றுபோனால் 0.2-க்கு இறங்க ஆறேழு நிமிடம்தான். 0.7 லிட்டர் கசிவு இருந்தால் அதே இறக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். அந்த வித்தியாசத்துக்காகத்தான் அந்தத் துளை.

டால்ஃபின் அப்படியே நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?

நல்ல இயந்திரம்தான். ஆனால் அதில் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் அளவு நம் உழைப்போடு சேர்ந்து ஆடும். 50 சதவீதக் கலவை, 7.3 லிட்டர் ஓட்டம்: நிதானமாக நீந்தும்போது லூப்பில் சுமார் 42 சதவீத ஆக்சிஜன், கடுமையாக உழைத்தால் 24 சதவீதம். 20 மீட்டரில் மொத்த அழுத்தம் 3 பார், அதனால் ஆக்சிஜனின் பங்கு முதலாவதில் 1.26 பார், இரண்டாவதில் 0.72 பார். எதை நம்பி டீகம்ப்ரஷன் கணக்கு (உடம்பில் கரைந்த நைட்ரஜன் பாதுகாப்பாக வெளியேற, ஏறும்போது எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்ற கணக்கு) போடுவது? பாதுகாப்பாகப் போட்டால் டைவ் சுருங்கும்.

மூடிய சுற்றில் 1.2 பாரை நாம் பிடித்து வைக்கிறோம். 20 மீட்டரில் அப்போது நைட்ரஜன் 1.8 பார்தான், காற்றில் சுமார் 13 மீட்டரில் இருப்பதற்குச் சமம். அப்புறம் வாயுச் செலவு. 4 லிட்டர் சிலிண்டரில் 200 பார், அதாவது 800 லிட்டர், 10.4 லிட்டர் ஓட்டத்தில் 77 நிமிடத்தில் தீரும். மூடிய சுற்றில் 2 லிட்டர் சிலிண்டரில் இருக்கும் 400 லிட்டர் ஆக்சிஜனே ஆறு மணி நேரத்துக்கு மேல் வரும். அமைதியும் ஒரு காரணம், அதைச் சொல்லாமல் விட முடியாது. குமிழிச் சத்தம் நின்றதும் பாறை இடுக்கில் மீன்கள் எதையோ கொறிக்கிற ஒலி கேட்கும்.

சரி, உள்ளே என்னென்ன மாறும்?

மூச்சுப்பைகள், குழாய்கள், ஸ்க்ரப்பர் எல்லாம் அப்படியே. ஆக்சிஜனுக்கென்று தனி சிலிண்டரும் ரெகுலேட்டரும் வரும், அதிலிருந்து நுண்துளையும் கைப் பட்டனும். டால்ஃபினில் பை காலியானால் தானாகத் திறக்கும் பைபாஸ் வால்வு ஒன்று இருக்கிறது, அது இனி டைலூயன்ட் கொடுக்கும் வால்வாகிவிடும். ஆக்சிஜன் நுழையும் இடம் வெளிமூச்சுப் பக்கம் இருப்பது நல்லது, ஸ்க்ரப்பர் வழியாகப் போகும்போது நன்றாகக் கலந்து பிறகு ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்கு வரும். சென்சாருக்குப் பக்கத்திலேயே விட்டால் எண் பொய்யாக எகிறும்.

பலர் மறப்பது வெளியேற்றும் வால்வு. அரை மூடிய முறையில் அது சுலபமாகத் திறப்பதுதான் முறை, மூடிய சுற்றில் அதே அமைப்பு ஒவ்வொரு மூச்சுக்கும் வாயுவை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், இழந்ததை ஈடுகட்ட பைபாஸ் டைலூயன்டை ஊற்றும், ஆக்சிஜன் அளவு ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று நாம் மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். இறுக்கிக்கொள்ளக்கூடிய வால்வு வேண்டும்.

கையில இருக்கிற 60% ஜெட்டிலேயே ஆக்சிஜனை விட்டா போதாதா? எதுக்குப் புதுத் துளை?

கூடவே கூடாது. அந்த ஜெட் நிமிடத்துக்கு 5.8 லிட்டர் விடும், நிதானமாக நீந்தும் உடம்பு எடுப்பது 1 லிட்டர். மீதி 4.8 லிட்டர் சுத்த ஆக்சிஜன் ஒவ்வொரு நிமிடமும் லூப்பில் சேரும், சில நிமிடத்தில் லூப் கிட்டத்தட்ட முழு ஆக்சிஜன். அதை 20 மீட்டரில் சுவாசித்தால் 3 பாரை நெருங்கும். டீகம்ப்ரஷனில் ஓய்வாக இருக்கும்போதுகூட 1.6-ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் எல்லோரும் கடைப்பிடிக்கும் எல்லை. தாண்டினால் வலிப்பு வரலாம், முன்னறிவிப்பு இருக்கும் என்று நம்ப முடியாது, தண்ணீருக்குள் வாயிலிருந்து மவுத்பீஸ் நழுவினால் மூழ்குவதுதான் முடிவு.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜை அடைக்கணும்னு சொல்றாங்க, ஏன்?

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்பது சிலிண்டரின் உயர் அழுத்தத்தை இடை அழுத்தமாகக் குறைக்கும் ரெகுலேட்டர் பாகம். சாதாரணமானது வெளித் தண்ணீரின் அழுத்தத்தை உணர்ந்து, ஆழம் கூடக் கூட அந்த இடை அழுத்தத்தையும் கூட்டிக்கொண்டே போகும். அதை நுண்துளையோடு இணைத்தால் ஆழத்தோடு ஆக்சிஜன் வரத்தும் கூடும், உடம்பின் செலவோ கூடாது. அதனால் தண்ணீரை உணரும் வழியை அடைத்துவிடுகிறார்கள். இடை அழுத்தம் எந்த ஆழத்திலும் ஒன்றாகவே நிற்கும். டால்ஃபினின் சொந்த ஜெட்டும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. துளைக்கு மறுபக்க அழுத்தம் முன்பக்கத்தில் ஏறக்குறைய பாதியைத் தாண்டாதவரைதான் ஓட்டம் மாறாமல் இருக்கும், துல்லியமாகச் சொன்னால் 0.528 பங்கு. முழு அழுத்தக் கணக்கில் 11 பார் வைத்திருந்தால் 5.8 பார் வரை, அதாவது சுமார் 48 மீட்டர். அதற்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 100 மீட்டரில் ஓட்டமே நின்றுவிடும், கைப் பட்டனும் அதே அழுத்தத்தில் இருந்தால் அதிலிருந்தும் ஒன்றும் வராது.

0.7 லிட்டர் வருதான்னு வீட்டிலேயே எப்படி அளக்கிறது?

ஃப்ளோமீட்டர் இருந்தால் அதுதான் சரி. என்னிடம் இருக்கிறது, ஆனாலும் வாளி முறையை நான் விடவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் 1 லிட்டர் அளவுக் குடுவையை முழுக்க நிரப்பித் தலைகீழாகப் பிடியுங்கள், ஆக்சிஜன் குழாயின் முனையை அதன் வாய்க்குக் கீழே வையுங்கள். குட்டிக் குட்டிக் குமிழியாக ஏறும், கோடு வரை தண்ணீர் இறங்க எத்தனை வினாடி என்று கைபேசியில் பாருங்கள். 86 வினாடி என்றால் 0.7 லிட்டர். 75 வினாடி என்றால் 0.8. 60 வினாடிக்குள் நிரம்பினால் அது உங்கள் செலவைத் தொட்டுவிட்டது, அந்தத் துளையோடு தண்ணீரில் இறங்காதீர்கள்.

ஒருமுறை அளந்து நோட்டில் எழுதி வைத்துவிட்டு மறப்பதல்ல. துளையில் ஒரு தூசி உட்கார்ந்தாலோ இடை அழுத்தம் மெல்ல ஏறினாலோ எண் மாறும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அளக்கிறேன். பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ எரிந்தால் முதலில் அணையுங்கள்.

நீடில் வால்வு போட்டா நம்ம இஷ்டத்துக்குத் திருகிக்கலாமே?

திருகலாம், நிறைய பேர் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது நிலையான துளை. நீரோட்டத்தில் உழைக்கும்போது கூட்டி வைத்துவிட்டு, பாறை மறைவில் ஓய்வெடுக்கும்போது குறைக்க மறந்துவிடுவது மனித இயல்பு. உழைப்புக்குக் கூடுதலாக வேண்டியதைப் பட்டனால் கொடுத்தால், கையை எடுத்ததும் அது நின்றுவிடும்.

ஆக்சிஜன் சுத்தம் ஆக்சிஜன் சுத்தம்னு பயமுறுத்துறாங்களே, சோப்பு போட்டுக் கழுவினா போதாதா?

200 பார் சுத்த ஆக்சிஜனில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வால்வை வேகமாகத் திறக்கும் அந்த நொடியின் சூடே பற்றவைக்கப் போதும். ஆக்சிஜன் படும் ஒவ்வொரு பாகமும் பிரித்து, அதற்கான முறையில் சுத்தம் செய்து, அதற்கேற்ற ஓ-ரிங், அதற்கேற்ற மசகு போட்டிருக்க வேண்டும். சிலிக்கான் கிரீஸ் ஆகாது. உயர் அழுத்தப் பக்கம் படக்கென்று திறக்கும் பந்து வால்வு (ball valve) ஆகாது. இது தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள், சிலிண்டர் வால்வை எப்போதும் மெதுவாகத் திறங்கள்.

சென்சார் ஒண்ணு போதாதா? டால்ஃபினை ஒண்ணும் இல்லாமலே எத்தனையோ பேர் ஓட்டினாங்களே?

அரை மூடிய முறையில் ஜெட் சரியாக இருந்தால் ஆக்சிஜன் ஒரு எல்லைக்குள் இருந்தது, சென்சார் கூடுதல் பாதுகாப்பு. மாற்றிய பிறகு லூப்பில் என்ன இருக்கிறது என்று சொல்ல அந்த எண்ணைத் தவிர வேறு எதுவுமே இல்லை. ஒன்று பொய் சொன்னால் தெரியாது. இரண்டு வேறுபட்டால் எது பொய் என்று தெரியாது. அதனால் குறைந்தது மூன்று செல் (சென்சாரைத்தான் இப்படிச் சொல்கிறோம்), அவற்றைக் காட்டும் திரைகளும் ஒரே பேட்டரியை நம்பி இருக்கக் கூடாது.

செல் என்பது மெல்லத் தீர்ந்துபோகும் ஒரு வகை பேட்டரிதான். காற்றில் 10.5 மில்லிவோல்ட் காட்டினால் சுத்த ஆக்சிஜனில் சுமார் 50 காட்ட வேண்டும், 45-ல் நின்றால் தூக்கிப் போடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் வாங்கினால் மூன்றும் ஒரே மாதிரி மூப்படையும், மாதம் மாற்றி மாற்றி வாங்குங்கள்.

செல் பொய் சொல்லுதான்னு தண்ணிக்குள்ள எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டைலூயன்டால் லூப்பை நன்றாகக் கழுவுங்கள். காற்று என்றால் 20 மீட்டரில் 0.63, 30 மீட்டரில் 0.84 காட்ட வேண்டும், கணக்கு பொய் சொல்லாது. ஆனால் இது கீழ்ப்பக்க எண்ணைத்தான் சோதிக்கும். வயதான செல் 0.84-ஐச் சரியாகக் காட்டிவிட்டு 1.2-க்கு மேல் ஏற மறுக்கலாம். நாம் 1.3 வரட்டும் என்று பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்போம், திரை 1.2 என்றே சொல்லும், உண்மையில் லூப்பில் 1.7 இருக்கும். அதைப் பிடிக்க 6 மீட்டரில் சுத்த ஆக்சிஜனால் கழுவிப் பாருங்கள், 1.6-க்குப் பக்கத்தில் வரவேண்டும். அப்புறம் உடனே டைலூயன்ட் விட்டுக் குறையுங்கள்.

ஆக்சிஜன் ஆறு மணி நேரம் வரும்னீங்க, அப்போ ஆறு மணி நேரம் உள்ளே இருக்கலாமா?

இந்தக் கேள்வியில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். முன்பு சொன்ன 77 நிமிடக் கணக்கைப் பாருங்கள்: அரை மூடிய முறையில் வாயு முதலில் தீர்ந்துவிடும், சோடாலைம் தீரும் முன்பே நாம் மேலே வந்திருப்போம். வாயுவே நமக்கு அலாரமாக இருந்தது. மாற்றிய பிறகு அலாரம் போய்விட்டது. ஆக்சிஜன் நிறைய இருக்கும், சோடாலைம் சத்தமில்லாமல் முடிந்திருக்கும், அதைக் காட்டும் மானி டால்ஃபினில் இல்லை. ஸ்க்ரப்பர் நேரத்தைக் கடிகாரத்தில் கணக்கு வைக்க வேண்டும், உற்பத்தியாளர் சொன்னதைத் தாண்டக் கூடாது, குளிர்ந்த தண்ணீரிலும் உழைப்பிலும் அதைவிடக் குறைக்க வேண்டும்.

இறங்கும் முன் 5 நிமிடம் உட்கார்ந்து சுவாசித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது என்று சொல்வார்கள். ஆக்சிஜன் வருகிறதா என்று பார்க்க அது நல்லது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது கெட்டுப்போன ஸ்க்ரப்பரைப் பலருக்கு உணரவே முடிவதில்லை.

ஆக்சிஜன் குறைஞ்சா தலை சுத்தும், மூச்சு முட்டும், நமக்கே தெரிஞ்சிடும் இல்ல?

தெரியாது. மூச்சு முட்டுவது கார்பன் டை ஆக்சைடு சேர்வதால். ஸ்க்ரப்பர் அதை எடுத்துவிடுகிறது, அதனால் ஆக்சிஜன் குறையும்போது உடம்பு எந்தக் குரலும் கொடுக்காது.

எங்களோடு பழகிய ஒருவர் நீச்சல்குளத்தில் ஒரு முறை கசிவுச் சோதனைக்காக மூடிய ஆக்சிஜன் வால்வைத் திறக்காமலே இறங்கிவிட்டார். குழாயில் மிச்சமிருந்த அழுத்தத்தால் மானி முள் நன்றாகவே நின்றது. 3 மீட்டரில் முழங்காலிட்டு முகமூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் அவர் திரையை எட்டிப் பார்த்தபோது 0.7 இருந்த இடத்தில் 0.39. இரண்டு மூன்று நிமிடத்தில் நடந்தது அது. மேலே கூட்டி வந்து கேட்டால் சுகமாகத்தான் இருந்தேன் என்றார். அந்தச் சுகம் 0.16-க்குக் கீழே மயக்கமாக முடியும். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒருவருக்கொருவர் வால்வைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் இறங்குவதில்லை.

திரையில 0.5 காட்டுது, 0.16-க்கு மேலதானே, அப்படியே மேலே வந்திடலாமா?

20 மீட்டரில் 0.5 என்றால் லூப்பில் ஆக்சிஜன் ஆறில் ஒரு பங்குதான். மேலே வந்ததும் அழுத்தம் மூன்றில் ஒன்றாகும், 0.5 என்பது 0.17 ஆகும், வரும் வழியில் உடம்பும் எடுத்துக்கொள்ளும். படகின் ஏணியைப் பிடிக்கிற நேரத்தில் மயக்கம். ஏறும் முன் திரையைப் பார், ஏறும்போது ஆக்சிஜன் சேர், சேர்த்துக்கொண்டே பார்.

இறங்குவது தலைகீழ். நீர்மட்டத்தில் 0.7-ல் தொடங்கி, வழியில் பட்டனைத் தொடாமலே, பைபாஸ் ஊற்றும் காற்றால் மட்டும் 30 மீட்டரில் 1.3-ஐத் தொட்டுவிடும். மேலேயே 1.0 வைத்துக்கொண்டு வேகமாக இறங்குபவர்கள் கீழே 1.6-ஐப் பார்ப்பது இப்படித்தான்.

பெயில்அவுட் சிலிண்டர் எவ்வளவு பெருசா வேணும்?

லூப் கைவிட்டால் சாதாரண ஸ்கூபா போலச் சுவாசித்து மேலே வர வைத்திருக்கும் சிலிண்டர் அது. நினைப்பதைவிடப் பெரிதாக வேண்டும். பதற்றத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்போம், 30 மீட்டரில் அது 120. நிலைமை புரிய 2 நிமிடம், நிதானமான ஏற்றம், 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம் எல்லாம் கூட்டினால் 650 லிட்டர் பக்கம் வரும், டீகம்ப்ரஷன் கடன் ஒன்றுமே இல்லாத டைவுக்கே இவ்வளவு. 4 லிட்டர் சிலிண்டரின் 800 லிட்டர் ஒருவருக்கு இழுத்துப் பிடித்துப் போதும். அதிலிருந்தே டைலூயன்டும் எடுத்தால் போதாது.

நல்லா மெஷின் வேலை தெரியும், நானே மாத்திக்கலாமா?

குழாய் வேலை கஷ்டமில்லை, அதனால்தான் ஆபத்து. டிரேகர் இந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்ததில்லை. மாற்றிய கணத்தில் தொழிற்சாலையில் செய்த சோதனைகள் எதுவும் உங்கள் இயந்திரத்துக்குப் பொருந்தாது. டால்ஃபின் இப்போது தயாரிப்பிலும் இல்லை. என் கருத்து: முதலில் கையால் இயக்கும் மூடிய சுற்றுக்கான முறையான பயிற்சியை, அதற்கென்றே கட்டிய ஓர் இயந்திரத்தில் முடியுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் பார்ப்பது கண் சிமிட்டுவது போலப் பழகட்டும். அதன் பிறகும் மாற்றத் தோன்றினால், ஏற்கெனவே மாற்றி ஓட்டும் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

இதை வச்சு மட்டக்களப்பு ஹெர்மிஸ் கப்பலுக்குப் போகலாமா? 53 மீட்டர்தானே, ஆக்சிஜன் ஓட்டம் அங்கே நிக்காதே?

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் மேல் எனக்கும் ஆசை உண்டு. நீங்கள் சொல்வது சரி, 48 மீட்டரைக் கொஞ்சம் தாண்டினாலும் அங்கே ஓட்டம் பெரிதாகக் குறையாது. தடை வேறு இடத்தில். காற்றை டைலூயன்டாக வைத்தால் 53 மீட்டரில் லூப்பிலுள்ள வாயுவின் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 8 கிராம், 6.2-ஐத் தாண்ட வேண்டாம் என்பதுதான் இன்றைய பரிந்துரை. கனத்த வாயுவை இழுத்துத் தள்ளவே மூச்சு போதாமல் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும், ஸ்க்ரப்பர் புதிதாக இருந்தாலும். நைட்ரஜன் மயக்கம் அதோடு சேரும், எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய மூளையையே அது மழுக்கும். ஹீலியம் கலந்த டைலூயன்ட், அதற்கான பயிற்சி, டீகம்ப்ரஷனோடு சேர்த்துக் கணக்கிட்ட பெயில்அவுட், இவை இல்லாமல் வேண்டாம்.

மாத்தினப்புறம் பிடிக்கலைன்னா மறுபடியும் அரை மூடியதா ஆக்கிக்கலாமா?

ஆக்கலாம், பழைய பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்தால். அப்படி மாற்றி மாற்றி ஓட்டுபவர்களிடம் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: நைட்ராக்ஸ் ஜெட் இருக்கும் நாளில் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிவிடுவது, அல்லது 0.7 லிட்டர் துளையில் நைட்ராக்ஸை மாட்டிவிடுவது. முதலாவது என்ன செய்யும் என்று 60 சதவீத ஜெட் கேள்வியில் சொல்லிவிட்டேன். இரண்டாவதில் 50 சதவீதக் கலவையானால் நிமிடத்துக்கு 0.35 லிட்டர் ஆக்சிஜன்தான் வரும், அப்புறம் நீச்சல்குளத்தில் நடந்த கதைதான். ஜெட்டுகளைத் தனி டப்பாவில் போட்டு, எந்த ஜெட் எந்தக் கலவைக்கு என்று மேலே எழுதி ஒட்டுங்கள். ஆக்சிஜன் சிலிண்டருக்கும் நைட்ராக்ஸ் சிலிண்டருக்கும் ஒன்றோடொன்று பொருந்தாத மரையுள்ள வால்வு போட்டுவிடுங்கள்.